மிஸ்ஸியின் வெற்றிடம்

எங்கள் பக்கத்தில் ஒரு வேலையை யாரும் சொல்லிவிட்டு ஒழிப்பதில்லை. அந்த வேலையில் இருப்பவருக்கு அறுபது வயதாகும். பிரியாவிடை வைப்போம்: மாலை, குத்துவிளக்கு, பட்டிஸ், தேநீர், இரண்டு பேருடைய பேச்சு, கொஞ்சம் கண்ணீர். அடுத்த மாதம் பக்கத்துப் பிரிவில் இருப்பவர் 'பதில் கடமை' பார்க்க வருவார். கொஞ்ச நாளைக்குத்தான் என்பார்கள். அந்தக் கொஞ்ச நாளில் பிறந்த பிள்ளைகள் நேசரிக்குப் போகிற வயதுக்கு வந்துவிடுவார்கள்.

எங்கள் குடும்பநல உத்தியோகத்தரின் இடம் அப்படித்தான் காலியானது. கம்பளை டவுனிலிருந்து புசல்லாவைக்கு ஏறுகிற வீதியை ஒட்டிய பிரிவு இது. மேலே தோட்டத்து லயங்கள், கீழே சிங்களக் கிராமம், நடுவில் முஸ்லிம் வீடுகளும் எங்களைப் போல தோட்டத்திலிருந்து இறங்கி வந்த தமிழ்க் குடும்பங்களும். கடிதத்தில் அவர் குடும்பநல உத்தியோகத்தர். எங்கள் வாயில் மிஸ்ஸி. ஓய்வு பெற்ற ஆசிரியையான நான் இந்தப் பிரிவின் தாய்மார் ஆதரவுக் குழுவில் இருக்கிறேன். அதனால் இந்தக் கதையை எட்ட நின்று சொல்ல எனக்கு வராது.

மிஸ்ஸி என்னதான் செய்தார்? கர்ப்பிணிகளைப் பதிவார், கிளினிக் நடத்துவார், பிள்ளைகளை நிறுப்பார், திரிபோஷா சத்துமா எழுதிக் கொடுப்பார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாத வேலை ஒன்று உண்டு. அது பிள்ளை பிறந்து மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் நடப்பது.

சுகப்பிரசவம் என்றால் கம்பளை வைத்தியசாலையானாலும் கண்டி, பேராதனையானாலும் தாயை ஒரு நாள், இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே இருக்கும்வரை சீம்பால்தான் வரும். முதல் நாள் பிள்ளையின் வயிறு ஒரு நேரத்துக்குக் கொள்வது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அதனால் அதுவே போதும். வீட்டுக்கு வந்த பிறகுதான் பால் இறங்கும். மார்பு கல்லாகிவிடும். காம்பு வெடித்திருக்கும். பிள்ளைக்கு வாயில் பிடிக்க முடியாது, வீறிடும். மாமியார் வாசலில் நின்று, "பால் பத்தலபோல இருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்வார். கெட்ட எண்ணத்தில் அல்ல, பேரப்பிள்ளை அழுகிறதே என்றுதான். அந்த ஒரு வார்த்தையில் வீட்டு ஆண்பிள்ளை கடைக்குப் போய்ப் பால்மா டின்னோடு வருவார்.

என் பக்கத்து வீட்டு மருமகளுக்கு அப்படி ஒரு சாயந்தரம் வந்தது. மிஸ்ஸி குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போனார். முதலில் மாமியாரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். அதுதான் அவருடைய கெட்டித்தனம். பிறகு அந்தப் பெண்ணிடம், "மகள், நீங்க குனிய வேணாம். புள்ளய உங்ககிட்ட கொண்டு வாங்க. அது வயிறு உங்க வயித்தில ஒட்டணும்" என்றார். கொஞ்சம் பாலைக் கையால் பீய்ச்சி எடுத்து மார்பை இளக்கினார். பிள்ளை வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பை மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் போகும்படி பிடிக்கவைத்தார். நாடி மார்பில் பட்டது. மூக்கு விலகி நின்றது. அந்தப் பெண் முகத்தைச் சுளிப்பதை நிறுத்தினாள். மாமியாரிடம் மிஸ்ஸி, "இறைச்ச கிணறுதானே அம்மா ஊறும்" என்றார். மாமியார் அதன் பிறகு வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அதைத் தன் வாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிணற்றுக் கதை உடலியல்படியும் சரி. பிள்ளை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து இரண்டு சுரப்புகள் வேலை செய்கின்றன. புரோலக்டின் பாலை உண்டாக்குகிறது. இரவில் அது கூடுதலாகச் சுரக்கும். ஒக்சிடோசின் பாலை வெளியே தள்ளுகிறது. பயமும் வலியும் அவமானமும் அதைக் கொஞ்ச நேரம் தடுத்துவிடும். ஒரு நேரம் புட்டிப்பால் கொடுத்தால் அந்த நேரம் மார்பு இறைபடாமல் போகிறது. அடுத்த நாள் அவ்வளவு குறைவாக ஊறுகிறது. பால் பத்தவில்லை என்ற பேச்சு மெய்யாகிவிடுகிறது. இதைப் போனில் திருத்த முடியாது. பிள்ளை எப்படிப் பிடித்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். முதல் சில நாள் கழிந்ததும் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகிறதா, பிறந்தபோது இருந்த நிறை இரண்டு கிழமைக்குள் திரும்பி வந்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பால் போதாது. அதைக் கண்டுபிடித்து வைத்தியரிடம் அனுப்புவதும் அதே கண்தான்.

இதற்காகத்தான் பிரசவம் முடிந்த முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவை, அந்த மாதம் முடிவதற்குள் ஒரு தடவை, 42ஆம் நாளையொட்டி இன்னொரு தடவை என்று வீட்டுக்கு வருவதை நம் சுகாதாரத் துறை விதியாக வைத்திருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு இது. சுமார் 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது கணக்கு. அதன் பலன் உலகம் பார்க்கக்கூடியது. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானவர்கள் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். தாய்ப்பாலூட்டலுக்கு நாடுகள் தருகிற ஆதரவை அளக்கிற உலகத் தரப்படுத்தலில் 2020இல் இலங்கை 100க்கு 91 புள்ளி எடுத்து முதலிடத்தில் நின்றது.

இந்தப் புள்ளிகள்தான் எங்களுக்கு இப்போது இடைஞ்சல். "நாங்கதானே உலகத்திலேயே முதலாவது" என்று சொல்கிற அதிகாரியிடம் ஒரு பிரிவின் வெற்றிடத்தைப் பற்றிப் பேசுவது லேசான காரியமல்ல.

பதில் கடமை பார்க்கிறவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பெண், ஸ்கூட்டியில் வருகிறார். இரண்டு பிரிவை ஒருவர் பார்த்தால் எது முதலில் விடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். கிளினிக்குக்குத் தேதி இருக்கிறது. தடுப்பூசிக்குத் தேதி இருக்கிறது. மாதக் கடைசியில் அறிக்கை அனுப்ப வேண்டும். மூன்றாம் நாள் சாயந்தரம் லயத்துப் படியேறிப் போவதற்கு யாரும் தேதி குறித்து வைப்பதில்லை. போகாவிட்டால் அந்த மாத அறிக்கையில் பெரிய ஓட்டை எதுவும் தெரியாது. ஆறு மாதம் கழித்துத்தான் அந்த ஓட்டை நிறை குறைந்த பிள்ளையாகவோ வயிற்றுப்போக்காகவோ கிளினிக்குக்கு வரும்.

தோட்டத்தில் நிலைமை இன்னும் சிக்கல். முன்பு தோட்டத்துக்கென்றே ஒரு மருத்துவிச்சி இருந்தார். தோட்ட நிர்வாகம் சம்பளம் கொடுத்தது. டிஸ்பென்சரி, டாக்டரய்யா, வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக்காம்பரா எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். எழுபதுகளில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்கு வந்தது. தோட்டத்து மருத்துவிச்சி ஓய்வு பெற்றுப் போனதும் பல இடங்களில் அந்த வேலைக்கு ஆள் எடுக்கவில்லை. அரசாங்க மிஸ்ஸி பார்ப்பார் என்று தோட்டம் சொன்னது. தோட்டமும் பார்க்கும் என்று மற்றப் பக்கம் நினைத்தது. போதாததற்கு மொழி. சிங்களம் மட்டும் தெரிந்த உத்தியோகத்தர் வந்தால் மார்பு, காம்பு, வலி, வெட்கம் எல்லாவற்றையும் கையால் காட்டிப் பேச வேண்டும். அப்படிப் பேசி எத்தனை பெண்கள் மனம் விட்டுக் கேட்பார்கள்?

சட்டம் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் உரியது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலைநாளில் பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும். பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி, இல்லாவிட்டால் ஒரு மணி. கொழுந்து பறிக்கிற இடம் மலை உச்சியிலும் பிள்ளைக்காம்பரா அடிவாரத்திலும் இருந்தால், அரைமணி இறங்கி ஏறவே சரி. அந்த நேரத்தில் குறைகிற கொழுந்தை நிறுவையில் யார் சேர்த்துக் கொடுப்பார்கள்? ஆகவே பாலைப் பீய்ச்சிச் சுத்தமான கோப்பையில் வைத்து, ஆயம்மா கோப்பையாலோ கரண்டியாலோ புகட்டுகிற வழியை மிஸ்ஸி சொல்லிக் கொடுத்திருந்தார். சட்டத்தின் இரண்டு வரியை மலையில் நடக்கிற காரியமாக மாற்றுவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆள் இல்லாத இடத்தை வேறொருவர் நிரப்புவார் என்பது பழைய அனுபவம். சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை வைத்தியர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் பேசினார். பால் கம்பெனிகள் தாதி உடையில் பெண்களை வீடுவீடாக அனுப்பி, ஏழைத் தாய்மாரைப் புட்டிப்பாலுக்குத் திருப்பியதால் நேர்ந்த சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் பால்மா விற்பனைக்கென்று ஒரு நடத்தைக் கோவையைக் கொண்டுவந்தது. கம்பெனி ஆட்கள் தாய்மாரை நேரில் அணுகக் கூடாது என்பது அதில் உண்டு. இலங்கை 1983இலேயே தனக்கென்று ஒரு கோவை வைத்துக்கொண்டது. இப்போது தாதி உடைக்கு அவசியமில்லை. பால்மா விற்பனை தாய்மாரின் போனுக்குள்ளேயே எப்படி நுழைகிறது என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஓர் அறிக்கையே வெளியிட்டது. பின்னிரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழும்போது நம் பெண்பிள்ளைகள் முதலில் எடுப்பது போனைத்தான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் எங்கள் பக்கம் பட்ட பாட்டை எழுத இது இடமல்ல. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நிவாரணம் என்றால் பால்மாவும் வரும். அதைக் கரைக்கச் சுத்தமான தண்ணீர் வருவதில்லை. அந்த மாதிரி நாளில் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்துக் குறைவு. பயந்துபோன தாய்க்குப் பால் நின்றுவிடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும்.

இந்த வேலைக்காக ஊர் எழுந்து நிற்பது புதிதல்ல. இங்கிலாந்தில் உள்ளூர்ச் சபைகள் செலவைக் குறைக்கத் தாய்ப்பால் ஆலோசனைச் சேவைகளில் கைவைத்தபோது, தாய்மார் கைப்பிள்ளையோடு போய் எதிர்த்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் ஒரு வயது வரை தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகள் 200க்கு ஒன்றுதான் என்று 2016இல் லான்செட் மருத்துவ இதழ் எழுதியது. கேரளாவில் ஆஷா எனப்படும் சுகாதாரப் பணியாளர்கள் 2025 பெப்ரவரி 10இல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஐம்பதாம் நாள் சிலர் கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். கைப்பிள்ளைக்காரிகளின் வீடுகளுக்குப் போகிற அவர்களை அரசு இன்னும் தொண்டர் என்றுதான் சொல்கிறது. கையில் கொடுப்பதற்குப் பெயர் மதிப்பூதியம். நம் மிஸ்ஸிமார் 18 மாதப் பயிற்சி பெற்ற, ஓய்வூதியம் உள்ள அரச உத்தியோகத்தர்கள். அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அங்கெல்லாம் எதிர்க்க ஓர் அறிவித்தல் இருந்தது, அல்லது ஓர் எதிராளி இருந்தார். எங்களுக்கு இரண்டும் இல்லை. மனு எழுதக் கூடியபோது முதலில் வந்த பேச்சு, "எங்கட மிஸ்ஸியையே ஒப்பந்தத்தில் திருப்பிக் கேட்போம்" என்பது. அவரிடமே போய்க் கேட்டார்கள். முழங்கால் வலி, மிளகுக் கொடி, பேத்தி என்று மூன்று காரணம் சொல்லி அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அது நல்லதாகவே பட்டது. ஆளைக் கேட்டால் அன்பான மனுஷி என்று ஒரு பாராட்டுக் கடிதம் வரும். நாங்கள் கேட்க வேண்டியது இடத்தை.

ஆகவே மனுவில் புகழ்ச்சியை வெட்டினோம். எங்கள் பிரிவில் ஒரு வருடத்தில் பிறந்த பிள்ளைகள் எத்தனை, அதில் முதல் 10 நாளுக்குள் யாரும் எட்டிப்பார்க்காத வீடுகள் எத்தனை, பஸ் இறங்கி லயத்துக்கு ஏற எவ்வளவு நேரம், தமிழ் மட்டும் தெரிந்த தாய்மார் எந்தெந்தப் பக்கம் என்று குழுவில் உள்ள பெண்கள் வீடுவீடாகப் போய் எழுதினார்கள். சிங்களப் பிரதியைக் கீழ்க்கிராமத்து ஓய்வு பெற்ற தபாலதிபர் எழுதிக் கொடுத்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் மிஸ்ஸி பார்த்தவர்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் ஜும்ஆ முடிந்து கையொப்பம் வாங்கித் தந்தார்கள். தோட்டத்துத் தலைவர் தோட்ட நிர்வாகத்துக்கென்று தனிப்பிரதி கேட்டு வாங்கினார். கையொப்பமிட்டவர்களில் ஆண்கள் நிறைய. முச்சக்கர வண்டிக்காரர்கள் எல்லாரும் போட்டார்கள். மனுவை வாங்கிய உத்தியோகத்தர் அதைக் கவனித்து, "ஆம்பிளைகளும் கேக்கிறாங்களே" என்று சிரித்தார். டின் வாங்குவது அவர்கள்தானே என்று நான் சொன்னேன்.

பயிற்சி முடிந்து அடுத்த தொகுதி வரும்போது பார்க்கலாம் என்பது இப்போதைக்குப் பதில். இதற்கிடையில் பதில் கடமை மிஸ்ஸிக்கு எங்கள் குழுவே தகவல் சொல்கிறது. பிள்ளை பிறந்த வீட்டுச் செய்தி அன்றைக்கே அவருக்குப் போய்விடும். மூன்றாம் நாள் எந்தப் படியில் ஏற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முடிகிறபோது வருகிறார். வர முடியாத நாள் நாங்கள் போய்ப் பக்கத்தில் உட்காருகிறோம். ஆனால் நாங்கள் மிஸ்ஸி அல்ல, காய்ச்சலோடு சிவந்த மார்பைக் கண்டால் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகத்தான் தெரியும்.

பதில் கடமை பார்க்கிறவரின் சொந்தப் பிரிவுக்கு அப்பால் இருக்கிற மிஸ்ஸிக்கு அடுத்த வருடம் அறுபது வருகிறது. அந்தப் பிரிவுத் தாய்மார் குழுவும் எங்களோடு சேர்ந்துவிட்டது. வெற்றிடம் பற்றிய மனு இந்த முறை பிரியாவிடைக்கு முன்னாலேயே போகும். பிறப்புக் கணக்கை இப்போதே எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.