ஆய்வுக்கூடத்தில் காத்திருக்கும் கணக்கு

அடுத்த ஆண்டு எந்தப் பிரிவு எடுப்பது என்ற பேச்சு எங்கள் வகுப்பில் தொடங்கிவிட்டது. கணக்குக்கு அஞ்சும் தோழியர் பலர் தாவரவியல், விலங்கியல் பிரிவையே நாடுகின்றனர். அங்கே கணக்குப் பாடம் இல்லைதான். ஆனால் கணக்கே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்!

இரத்தச் சிவப்பணுக்களை எப்படி எண்ணுகிறார்கள் தெரியுமா? இரத்தத்தை 200 மடங்கு நீர்த்து, கட்டங்கள் பொறித்த கண்ணாடித் தகட்டில் விடுவார்கள். அதன் நடுச் சதுரம் 1 சதுர மில்லிமீட்டர். அதற்குள் 400 குட்டிக் கட்டங்கள். (நல்லவேளை, 80 கட்டங்களை எண்ணினால் போதும்!) அது ஐந்தில் ஒரு பங்கு. ஆழம் 0.1 மில்லிமீட்டர். ஆகவே எண்ணிய கன அளவு 0.02 கன மில்லிமீட்டர். எனவே விடையை 50-ஆலும், நீர்த்ததற்காக 200-ஆலும் பெருக்க வேண்டும். 450 அணுக்கள் தெரிந்தால், ஒரு கன மில்லிமீட்டருக்கு 45 இலட்சம். ஒரு சுழியை விட்டுவிட்டால் நான்கரை இலட்சம். நலமாயிருப்பவர் தாளிலே கடும் சோகை நோயாளி ஆகிவிடுவார்.

பூவிருந்தவல்லிப் பொதுச் சுகாதார நிறுவனத்தில் பயிற்சி பெறும் சுகாதாரப் பணியாளருக்கும் கணக்கு வேண்டும். கிணற்று நீரில் 1000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போடுவது வழக்கம். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், நீரின் ஆழம் 3 மீட்டர் என்றால் 9,420 லிட்டர்; பவுடர் ஏறக்குறைய 24 கிராம். விட்டத்தை ஆரமாகக் கொண்டால் நான்கு மடங்கு விழும். அந்தத் தண்ணீரை யார் குடிப்பது?

பழகுவதற்கு நம் ஆய்வுக்கூட அளவுசாடியே போதும். 1 கிராம் சர்க்கரையை 100 மில்லி கரைசலாக்குங்கள். அது 1 சதவீதம். அதில் 10 மில்லியை மீண்டும் 100 மில்லியாக்கினால் 0.1 சதவீதம். ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள். பெருக்கும் முன்பே உத்தேச விடையை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சுழி தவறினால் உடனே தெரிந்துவிடும்.