ரோக்கன் வளையம்: பழுதும் பாதுகாப்பும்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, வத்துகாமம் வழியாக மாத்தளை செல்லும் புகையிரதப் பாதை 1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அஃது ஒற்றைப் பாதை. ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமற் காப்பது எவ்வாறு? மலைநாட்டுப் பாதைகளில் இதற்கென நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்ட முறை, சாரதியிடம் ஒரு வட்டத் தகட்டைக் கொடுத்தனுப்புவதாகும். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள பொறிகள் மின்சாரத்தால் இணைக்கப்பட்டவை. ஒரு தகடு வெளியே இருக்கும்வரை இரண்டாவது தகட்டை எந்தப் பொறியும் கொடாது. தகடு இல்லாத சாரதி வண்டியைச் செலுத்தலாகாது. பெரிய வளையம் பொருத்திய தோற்பையில் இத்தகடு கைமாறுவதை நம் பழைய மாணவருட் பலர் கண்டிருப்பர்.

இதே தத்துவம் கணினிகளை இணைக்கும் வலையமைப்பிலும் கையாளப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனம் 1985இல் வெளியிட்ட ரோக்கன் வளையம் அத்தகையது. கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக வளையமாய் இணைக்கப்பட்டிருக்க, ரோக்கன் எனும் சிறு மின்குறிப்பு அவற்றினூடே சுற்றிவரும். அதனைப் பெற்ற கணினி மட்டுமே செய்தி அனுப்பலாம். அனுப்பியதும் ரோக்கனை விடுவித்தல் வேண்டும். இவ்வளையம் முதலிற் செக்கனுக்கு 40 இலட்சம் பிற்றுகளையும், 1989 முதல் 160 இலட்சம் பிற்றுகளையும் சுமந்தது.

இம்முறை ஒழுங்குடையதே. ஆயினும் ஒரு பேராபத்தும் இதில் உண்டு. ஒவ்வொரு கணினியும் தனக்கு முன்னுள்ளது அனுப்பியதைப் பெற்று, அடுத்ததற்கு மீண்டும் அனுப்பவேண்டும். 260 கணினிகள் வரை ஒரே வளையத்தில் இருக்கலாம். அவற்றுள் ஒன்றை யாரேனும் நிறுத்திவிட்டால் ஏனைய யாவும் வாய் மூடவேண்டியதுதானா? இவ்வினாவுக்கு விடையாக அமைந்ததே குவியன் எனும் இணைப்புப் பெட்டி.

ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஒரு வடம் குவியனுக்கு வரும். பார்வைக்கு நட்சத்திர வடிவம், உள்ளே வளையம். ஐ.பி.எம். 8228 என்ற குவியனிற் கணினிகளுக்கென எட்டுத் துளைகள் இருந்தன. அதற்குத் தனி மின்வழங்கல் கிடையாது. ஒவ்வொரு துளையிலும் ரிலே எனும் சிறு மின்காந்த ஆளி இருந்தது. கணினி முதலில் தன் வடத்தைத் தானே சோதிக்கும். பின்னர் அதே கம்பிகளின் வழியே சிறு நேரோட்டத்தை அனுப்பும். உடனே ரிலே மாறி, அக்கணினியை வளையத்திற் சேர்த்துக்கொள்ளும். கணினி நின்றாலோ வடம் அறுந்தாலோ நேரோட்டம் ஒழியும். ரிலே பழைய நிலைக்குத் திரும்பி, அத்துளையைக் கடந்து வளையத்தை மூடிவிடும். ஈண்டு கவனிக்கத்தக்கது யாதெனின், பாதுகாப்பான நிலைக்குத் திரும்புதற்கு எச்சக்தியும் வேண்டியதில்லை. உள்ளே இருப்பதற்கே சக்தி வேண்டும்.

குவியன்களுக்கிடையே ஓடும் பெருவடம் அறுந்தால் என் செய்வது? அவ்வடத்தில் முதன்மைப் பாதை ஒன்றும், வழக்கமாக வெறுமையாய்க் கிடக்கும் மாற்றுப் பாதை ஒன்றும் உண்டு. பழுதுற்ற வடத்தை இருமுனையிலும் கழற்றினால், குவியன் முதன்மைப் பாதையை மாற்றுப் பாதையோடு மடித்து இணைத்துவிடும். பின்னர் வந்த 8230 இதனைத் தானாகவே செய்தது. ஆயின், மடித்தபின் வளையம் நீளுமாதலால், அந்நீளத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு வடம் இடவேண்டும். ஈரிடத்தில் அறுந்தாலோ, ஒரு வளையம் இரண்டாகப் பிரிந்து இயங்கும்.

ரோக்கனே தொலைந்துபோவதும் உண்டு. இதற்கென வளையத்தில் ஒரு கணினி, வகுப்புத் தலைவனைப் போலக் கண்காணிப்பாளராக இருக்கும். அது 7 செக்கனுக்கு ஒருமுறை தன் இருப்பை அறிவிக்கும். 10 மில்லிசெக்கனுக்குள் ரோக்கனோ செய்தியோ வாராவிடின் வளையத்தைத் துப்புரவாக்கிப் புதிய ரோக்கனை விடும். கண்காணிப்பாளரே செயலிழந்தால் ஏனையவை தமக்குள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது மறைந்திருக்கும் பழுது. கணினியின் நேரோட்டம் குன்றாதிருக்க, அதன் அனுப்பும் உறுப்பு மட்டும் கெட்டிருக்கலாம். ரிலே இதனை அறியாது. அப்போது அடுத்துள்ள கணினி, தன் பெயரையும் தனக்கு முன்னுள்ளதன் பெயரையும் கூறி அபாய அறிவிப்பு விடுக்கும். அது வளையத்தைச் சுற்றிப் பழுதுற்றதாக ஐயுறப்படும் கணினியை அடையும். எட்டு அறிவிப்புகள் கேட்டதும் அக்கணினி தானே வெளியேறித் தன்னைச் சோதித்துக்கொள்ளும். குற்றமில்லையேல் மீளும், இருப்பின் வெளியிலேயே நிற்கும்.

ஈதர்நெற் முறையும் அதன் ஆளிகளும் மலிவாகவும் விரைவாகவும் பரவவே, ரோக்கன் வளையம் வழக்கொழிந்தது. எனினும் அதன் நெறி ஒழியவில்லை. ஈதர்நெற் வளையங்களுக்கெனச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2008இல் வகுத்த முறையில், ஓர் இணைப்பு வேண்டுமென்றே மூடி வைக்கப்படும். வேறோர் இணைப்பு அறுந்ததும் 50 மில்லிசெக்கனுக்குள் அதனைத் திறந்துவிடுதலே நோக்கம்.

விஞ்ஞானம் பயிலும் இளைஞர், ஒரு பொறி நன்கு இயங்கும்போது என்ன செய்யும் என்பதை விரைவிற் கற்றுவிடுகின்றனர். அது கெடும்போது எந்நிலையில் நிற்கும், அக்கேட்டை யார் அறிவார், ஏனையோர் தம் பணியைத் தொடர இயலுமா என்பனவும் கேட்டறியத்தக்கவை. வழக்கொழிந்த இக்கருவியை இன்றும் ஒருவர் ஆராய்ந்து பார்ப்பதன் பயன் அதுவே.