குற்றம் இனத்திலா, நடத்தையிலா?

எவரையும் கடிக்காத நாயொன்றுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டதென்றால் வாசகர்கள் நம்புவார்களா? இங்கிலாந்திலே அது நிகழ்ந்தது. நாயின் பெயர் டெம்ப்சி. பிட்புல் இனத்தைச் சேர்ந்தது. 1992 ஆம் ஆண்டு ஒருநாள் இலண்டனில் அதனை வெளியே அழைத்துச் சென்றவர், அது வாந்தியெடுக்க முற்படவே, இரக்கப்பட்டு வாய்க்கூட்டைக் கழற்றிவிட்டார். பொலிசார் கண்டனர். பொதுவிடத்தில் வாய்க்கூடின்றி நின்றதே குற்றமாயிற்று. நாயைக் கொல்லுமாறு நீதிமன்றம் கட்டளையிட்டது.

வழக்கு மூன்று ஆண்டுகள் இழுபட்டது. பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ அந்நாய்க்கு அடைக்கலம் அளிக்க முன்வந்தார். ஈற்றில் 1995 இல் டெம்ப்சி உயிர் தப்பியது. அதன் சாதுவான குணங் கருதியன்று, முதல் விசாரணை பற்றிச் சொந்தக்காரிக்கு அறிவிக்கப்படவில்லை என்ற நடைமுறைத் தவறினால்!

இதற்கு ஆதாரமாயிருந்தது 1991 ஆம் ஆண்டின் அபாயகரமான நாய்கள் சட்டம். அதனை நகைத்து ஒதுக்குவதற்கில்லை. அவ்வாண்டிலே பிராட்போர்ட் நகரில் ஆறு வயதுச் சிறுமியொருத்தியை ஒரு பிட்புல் கடித்துக் குதறியது, நாடே பதறிற்று. பாராளுமன்றம் அவசரமாகச் சட்டமியற்றிப் பிட்புல் உட்பட நான்கு வகை நாய்களைத் தடைசெய்தது. ஆனால், பிட்புல் எது என்பதை யார் நிர்ணயிப்பது? கலப்பினக் குட்டியொன்று தோற்றத்தால் அதனை ஒத்திருப்பினும் போதும். அவ்வகையைச் சேர்ந்ததன்று என நிரூபிக்கும் பொறுப்பும் சொந்தக்காரர் தலையிலேயே விழுந்தது. தலையையும் மார்பையும் நாடாவால் அளக்கலாம்; குணத்தை எந்த நாடா அளக்கும்? 1997 இலேதான், கொல்லுவதா விடுவதா எனத் தீர்மானிக்கும் சுதந்திரம் நீதவான்களுக்குக் கிடைத்தது.

ஸ்கொத்லாந்து 2010 இல் மற்றொரு பாதையையும் திறந்தது. அங்கு இயற்றப்பட்ட நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டம் இனத்தைக் கேட்பதில்லை. நாய் தக்கவாறு அடக்கப்படாமலிருந்து, அதன் நடத்தை ஒருவருக்கு நியாயமான அச்சத்தை விளைவித்தால் போதும், கடித்திருக்க வேண்டுமென்பதில்லை. அச்சம் தமக்காகவும் இருக்கலாம், அயலவருக்காகவும் இருக்கலாம், வேறொரு பிராணிக்காகவும் இருக்கலாம். உள்ளூராட்சி மன்ற அதிகாரி விசாரித்துச் சொந்தக்காரருக்குக் கட்டுப்பாட்டு அறிவித்தல் விடுப்பார். நாயை அடையாளங் காண்பதற்கு அதன் தோலின் கீழ்ச் சிறு மின்தகடு பொருத்த வேண்டும். தேவைக்கேற்ப, வெளியிலே வாரிற் பிடித்துச் செல்லுதல், வாய்க்கூடு அணிவித்தல், ஆண் நாயாயின் நலமடித்தல், பயிற்சிக்கு அனுப்புதல், குறித்த இடங்களுக்குக் கொண்டு போகாதிருத்தல் எனக் கட்டளைகள் வரும். மீறினால் சொந்தக்காரர் நீதிமன்றம் ஏற வேண்டும். நாய் வளர்க்கும் உரிமையையே இழக்கவுங்கூடும்.

வேலிக்கு மேலாகப் பாயும் அயல்வீட்டு நாயினால் பிள்ளைகளைப் பாடசாலைக்குத் தனியே அனுப்பத் தயங்கும் தாய்க்கு இதன் அருமை புரியும். இரத்தம் சிந்தும்வரை அவள் காத்திருக்க வேண்டியதில்லை. இதிற் புதுமையும் அதிகமில்லை. 1871 ஆம் ஆண்டின் பழைய நாய்கள் சட்டமே, அடக்கி வைக்கப்படாத அபாயகரமான நாயை, எவ்வினமாயினும், கட்டுப்படுத்துமாறு கட்டளையிட நீதவானுக்கு அதிகாரமளித்திருந்தது.

எனினும் சட்டம் தானாக வீதியிலே உலாவுவதில்லை. 2019 இல் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றக் குழுவொன்று ஆராய்ந்தபோது, அமுலாக்கம் மன்றத்துக்கு மன்றம் வேறுபட்டிருந்ததும், இப்படியொரு வழி இருப்பதே பொதுமக்கள் பலருக்குத் தெரியாதிருந்ததும் புலனாயின. எம்மைக் கேட்டால், இனப்பட்டியலின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது. பட்டியலை ஒரு நாளில் எழுதிவிடலாம். நடத்தையைக் கவனிப்பதற்கோ ஆளும் பணமும் பொறுமையும் வேண்டும்.

கோரமான தாக்குதல்கள் சில நிகழ்ந்தபின், 2023 இன் இறுதியில் இங்கிலாந்தும் வேல்சும் 'எக்ஸ்.எல். புல்லி' என்ற பெருநாயைப் பட்டியலிற் சேர்த்தன. அந்நாய்கள் எல்லை கடந்து வந்து சேருமென அஞ்சிய ஸ்கொத்லாந்தும் 2024 இல் அதே தடையை ஏற்றது. நடத்தையை நோக்கும் 2010 ஆம் ஆண்டுச் சட்டமும் அங்கே இரத்தாகவில்லை; அயல்வீட்டு நாயைப் பற்றி முறையிடுவோர் இன்றும் தம் மன்ற அதிகாரியிடமே செல்கின்றனர்.