மருமகள் ஆப்பில் 100, பேரன் ஆப்பில் 154... எது உங்கள் தெருவின் காற்று?

மார்கழி மாதம், காலை 6 மணி. வீசிங் தொல்லை உள்ள தாத்தா நடைப்பயிற்சிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார். "இன்னிக்குக் காத்து எப்படி இருக்குன்னு போன்ல பாருப்பா" என்கிறார். பேரனின் ஆப் 154 என்று சிவப்பில் காட்டுகிறது. மருமகளின் ஆப்போ 100 என்று இளம்பச்சையில் காட்டுகிறது. தாத்தா போகலாமா, வேண்டாமா?

குளிர்காலம் வந்தால் சென்னையின் பல வீடுகளில் எழும் கேள்வி இது. காற்றின் தரத்தைப் பார்க்க ஆப்களுக்குப் பஞ்சமில்லை. அந்த எண்ணை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதில்தான் குழப்பமே!

ஒரே காற்று, இரண்டு மதிப்பெண்

இரண்டு ஆப்களுமே பொய் சொல்லவில்லை. காற்றில் மிதக்கும் துகள்களில் 2.5 மைக்ரானும் அதைவிடச் சிறியதுமானவை பி.எம் 2.5 எனப்படுகின்றன. தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் என்பதால், நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் இது 60 மைக்ரோகிராம் இருந்தால், இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் 100. அதாவது 'திருப்திகரம்'. அதே 60 மைக்ரோகிராம், அமெரிக்க அளவுகோலில் சுமார் 154. அங்கே அது 'ஆரோக்கியத்துக்குக் கேடு'.

பல தனியார் ஆப்கள் அமெரிக்க அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப், 2015-ல் அறிமுகமான இந்திய அளவுகோலில் காட்டுகிறது. ஆக, ஒப்பிடும் முன் கவனிக்க வேண்டிய முதல் விஷயம், இரண்டும் ஒரே அளவுகோல்தானா என்பது. குறியீட்டை விட்டுவிட்டு பி.எம் 2.5 மைக்ரோகிராம் அளவைப் பார்ப்பது இன்னும் நல்லது.

பச்சை நிறத்தைப் பார்த்து நிம்மதி அடைவதற்கும் இல்லை. ஒரு நாள் சராசரிக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்ததோ 15 தான்.

சராசரியில் மறையும் அதிகாலை

இந்தியக் குறியீட்டில் நுண்துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரிதான் கணக்கு. நாள் முழுக்க உள்ள அளவுகள் அதில் கலந்துவிடும். குளிர்கால அதிகாலையில் காற்று அசையாது. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடும். வாகனப் புகையும் குப்பை எரித்த புகையும் மேலே போக வழியின்றிக் கீழேயே தேங்கும். வெயில் ஏறி, கடற்காற்றும் வீசத் தொடங்கியதும் கலைந்துவிடும். அதனால் நாள் சராசரி 'திருப்திகரம்' என்று சொன்னாலும், தாத்தா நடக்கும் அந்த ஒரு மணி நேரம் அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை. அவருக்குத் தேவை, காலை 6 மணியின் அளவு.

எந்த ஏரியாவின் காற்று?

சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, அரும்பாக்கம், கொடுங்கையூர், பெருங்குடி, ராயபுரம் போன்ற இடங்களில் அரசின் தானியங்கிக் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. சுத்திகரிப்பு ஆலைகள் சூழ்ந்த மணலியும், வீடுகள் நிறைந்த வேளச்சேரியும் ஒன்றல்ல. 'சென்னையின் காற்று இன்று' என்று ஒரே எண்ணாக வரும்போது, இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள நிலையம் எது என்று பார்த்து, கடைசி வரை அதையே பின்தொடர்வதுதான் சரி.

நிலையம் தொலைவில் இருப்பவர்கள், வீட்டில் வைக்கும் சிறிய கருவிகளை வாங்குகிறார்கள். இவை லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்கிடுபவை. ஈரப்பதம் அதிகமான கடலோர ஊர்களில் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். எனவே, அந்தக் கருவியின் எண்ணை அரசு நிலையத்தின் எண்ணோடு ஒப்பிடாமல், அதே கருவி நேற்றும் போன மாதமும் காட்டியதோடு ஒப்பிட வேண்டும்.

மழைக்கு வாங்கிய நல்ல பெயர்

நவம்பரில் அடைமழை பெய்து காற்றைக் கழுவிவிட்டுப் போகும். அந்த எண்ணை ஜனவரியோடு ஒப்பிட்டு 'காற்று கெட்டுவிட்டது' என்பதும், ஜனவரியை ஜூனோடு ஒப்பிட்டு 'சரியாகிவிட்டது' என்பதும் தவறு. இந்த ஜனவரியைப் போன ஜனவரியோடுதான் ஒப்பிட வேண்டும்.

போகிதான் இதற்கு நல்ல உதாரணம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், போகிக்கு முன்பும் போகியன்றும் சென்னையில் காற்றை அளந்து ஒப்பிடுவது வழக்கம். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து ஓடுபாதையை மறைத்ததால், சென்னை விமான நிலையத்தில் ஏராளமான விமானங்கள் தாமதமாயின, பல திருப்பிவிடப்பட்டன. அன்று காற்று வீசியிருந்தால், எரித்த குப்பை அதே அளவாக இருந்தாலும் எண் குறைந்திருக்கும். அதனால் ஒரு வருட எண்ணை மட்டும் வைத்து, 'மக்கள் திருந்திவிட்டார்கள்' என்றோ 'திருந்தவில்லை' என்றோ சொல்லிவிட முடியாது. சில வருடங்களின் பதிவு தேவை.

அந்தப் பதிவு எப்போதும் கையில் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இருந்த கருவியின் பி.எம் 2.5 அளவுகளைப் பலரும் பல வருடங்களாகப் பின்தொடர்ந்தார்கள். 2025 மார்ச்சில், உலகம் முழுக்கத் தன் தூதரகங்களின் காற்றுத் தரவு வெளியீட்டை அமெரிக்கா நிறுத்தியதும், சென்னைக்கும் அந்தத் தொடர் அறுந்தது.

வீட்டுக்கு ஒரு நோட்டு

இதற்குச் செலவே இல்லை. காலண்டர் பக்கத்தில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டால் போதும்.

• அருகில் உள்ள ஒரே நிலையம், ஒரே ஆப், ஒரே நேரம்.

• காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் பி.எம் 2.5 அளவு.

• மத்திய வாரியம் மாலை 4 மணிக்கு வெளியிடும் நாள் சராசரி.

• மழையா, பனியா, காற்றா. பக்கத்தில் குப்பை எரிந்ததா?

• வீட்டில் யாருக்காவது இருமல், இழுப்பு. இன்ஹேலர் எத்தனை முறை?

விட்டுப்போன நாள்களின் அளவுகளை மத்திய வாரியத்தின் இணையதளத்தில் தேதிவாரியாக எடுத்துக்கொள்ளலாம். இன்ஹேலர் கணக்கு மட்டும் எந்த இணையதளத்திலும் கிடைக்காது. அதை வீட்டில்தான் எழுத வேண்டும்.

ஒரு மாதம் எழுதினாலே தாத்தாவின் கேள்விக்குப் பதில் தெரியத் தொடங்கும். 6 மணியைவிட 8 மணியில் அளவு தொடர்ந்து குறைவாக இருந்தால், நடையை நிறுத்த வேண்டாம். நேரத்தை மாற்றினால் போதும். நோட்டை டாக்டரிடம் காட்டினால், "கொஞ்ச நாளா மூச்சு இறைக்குது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட அவருக்கு அதிகம் புரியும். ஒரு வருடம் எழுதினால், அடுத்த மார்கழியை ஒப்பிட உங்கள் கையிலேயே ஒரு மார்கழி இருக்கும்.