சுட்டி ஏன் தடுமாறுகிறது?

பொங்கலுக்கு ஊர் திரும்ப எண்ணி, ரயிலில் இடம் பதிவு செய்வதற்காகக் காலை எட்டு மணிக்குக் கணிப்பொறியின் முன் அமர்கிறோம். டில்லியிலும் மும்பையிலும் வாழும் நமக்கு அந்தச் சில நிமிஷங்களின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வேளையில்தான் மவுஸ் எனப்படும் சுட்டி தடுமாறுகிறது. திரையில் அம்புக்குறி அசையாது நிற்கிறது. பின்பு எங்கோ துள்ளிப் போகிறது. சுட்டி பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டிப் புதிது வாங்க எண்ணுகிறோம். ஆனால், குற்றம் பல வேளைகளில் சுட்டியினுடையதன்று. அதன் அண்டையில் இருப்பதனுடையது.

மத்திய அலையில் வானொலி கேட்டுப் பழகியவர்கள் ஒன்றை அறிவார்கள். அடுத்த அறையில் விளக்கின் சுவிட்சைத் தட்டினால் பெட்டியில் கரகரப்பு எழும். சுவிட்சில் தோன்றும் சிறு மின்பொறி, தானும் அலைகளைப் பரப்புவதே அதற்குக் காரணம். கம்பியில்லாச் சுட்டியும் ஒரு சின்னஞ்சிறு வானொலி நிலையமே. அது தன் அசைவுகளை வினாடிக்கு நூறு முறைக்கு மேலாகவும் அலைகளாக அனுப்புகிறது. கணிப்பொறியில் செருகிய நகத்தளவான ஏற்பி அவற்றைப் பெறுகிறது. இடையில் சில செய்திகள் தொலைந்தால் அம்புக்குறி நிற்கிறது. அடுத்தது வந்ததும் துள்ளுகிறது.

இத்தகைய சுட்டிகளிற் பெரும்பாலானவை பேசும் அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ். குறைந்த ஆற்றலுள்ள கருவிகள் உரிமமின்றி இவ்வரிசையைப் பயன்படுத்த நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தன. வைஃபை, புளூடூத் ஆகியவையும் இங்கேயே உலவுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் ஏறத்தாழ இதே அதிர்வெண்ணில்தான். சந்தை இரைச்சலில் மெல்லிய குரல் அமுங்குவது இயல்பன்றோ?

எனினும், மிக அருகிலுள்ள பகைவன் வேறொன்று. யு.எஸ்.பி. 3.0 என்னும் இணைப்பில் வினாடிக்கு 500 கோடி துணுக்குகள் வரை தகவல் பாய்கிறது. அவ்வேகத்தில் எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையிலும் பரவுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், இத்தகைய வன்தட்டு ஒன்றை இணைத்தபோது அவ்வரிசையின் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபல் உயர்ந்ததாகக் காட்டியது. அதாவது, இரைச்சலின் ஆற்றல் நூறு மடங்காகிறது. வன்தட்டின் பக்கத்துத் துளையிலேயே ஏற்பியும் இருந்தால், சுட்டியின் குரல் அதன் காதில் எவ்வாறு விழும்?

பரிகாரம் எளிது. முதலில் மின்கலத்தை மாற்றிப் பார்ப்போம். கண்ணாடி மேசையில் சுட்டியை ஓட்டுகிறோமா என்பதையும் கவனிப்போம். அதன்பின், வன்தட்டு வேலை செய்யாத நேரத்தில் முறைப்படி விடுவித்துக் கழற்றுவோம். தடுமாற்றம் நின்றால் காரணம் விளங்கிவிட்டது. ஏற்பியைக் கணிப்பொறியின் மறுபுறத் துளைக்கு மாற்றலாம். அதனினும் நன்று, சிறு யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பியில் அதைச் செருகி, வன்தட்டைவிட்டு விலக்கிச் சுட்டியின் அருகே வைப்பது. வீட்டு வைஃபை கருவியில் 5 கிகாஹெர்ட்ஸ் வரிசை இருந்தால் கணிப்பொறியை அதற்கு மாற்றுவதும் நெரிசலைக் குறைக்கும். அவசர நாளுக்கென்று கம்பியுள்ள சுட்டி ஒன்றை வைத்திருப்பதும் விவேகமே. அதன் செய்தி அலைவழியே வருவதில்லை.

சுட்டியைத் தூக்கி எறியுமுன் ஏற்பியை ஒரு முழம் நகர்த்திப் பார்ப்போம். புதிய சுட்டியின் விலையும் மிஞ்சும். ஊருக்குப் போகும் டிக்கெட்டும் கைநழுவாதிருக்கும்.