கண்ணுக்குத் தெரிவது காதுக்கும் கேட்கட்டும்

கடந்த பள்ளி விடுமுறையில், சிங்கப்பூர் கேலாங் வட்டாரத்தில் வாழும் என் தங்கையின் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். கேலாங் சாலையின் ஒரு பக்கத்து லோரோங்குகளுக்கு ஒற்றைப்படை எண். மறுபக்கத்திற்கு இரட்டைப்படை எண். புதிதாக வருபவர்களுக்கு வழி கண்டுபிடிக்க அது வசதி. ஆனால், அந்த எண் பலகைகளைப் பார்க்காமலே அங்கு நடமாடும் பெரியவர் ஒருவர் தங்கையின் வீட்டில் இருக்கிறார். அவர் தங்கையின் மாமனார். நானும் அவரை மாமா என்றே அழைப்பேன்.

மாமா, ஜொகூரில் குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். அத்தை காலமான பிறகு மகனோடு வந்து சேர்ந்தார். இனிப்பு நீர் அவருடைய கண்களைக் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் மனிதர் தளரவில்லை. வெள்ளைக் கோலை ஊன்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் கேலாங் ஈஸ்ட்டில் உள்ள ஸ்ரீ சிவன் கோயிலுக்குத் தாமே போய் வருகிறார்.

"இந்த எம்.ஆர்.டி. ரயில் நல்ல பிள்ளை, டீச்சர். கதவு மூடப் போனா சத்தம் கொடுக்கும். இடைவெளியைப் பார்த்து இறங்குன்னு நாலு மொழியிலயும் சொல்லும். சொன்னாப் போதும், நான் நடந்துக்குவேன்" என்றார்.

அந்த 'சொன்னாப் போதும்' என்ற சொல்லின் பொருள், அவருடைய கைத்தொலைபேசிக் கதையைக் கேட்டபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

மூன்று டிக்கெட் வந்த கதை

இன்றைய கைத்தொலைபேசிகளில் திரைவாசிப்பான் என்றொரு வசதி உண்டு. திரையில் உள்ள எழுத்துகளை அது குரலாக மாற்றிப் படித்துக் காட்டும். ஐபோனில் அதற்கு வாய்ஸ்ஓவர் என்று பெயர். 2009ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் டாக்பேக் என்பார்கள். கணினிக்கென்றால் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2006ஆம் ஆண்டில் அதை எழுதத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் பார்வையற்றவர். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டே என்பவரும் பார்வையற்றவரே. தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டு, உலகத்துக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள்!

மாமாவும் திரைவாசிப்பானைப் பழகிக்கொண்டார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போக, இணையப் பக்கமொன்றில் தாமே பஸ் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தார். தேதி, இருக்கை எல்லாவற்றையும் குரல் படித்துக் காட்டியது. கடைசியில் 'பணம் செலுத்து' என்ற பொத்தானை அமுக்கினார். குரல் நின்றுவிட்டது. ஒரு நிமிடம் காத்திருந்தார். சத்தமே இல்லை. விரல் சரியாகப் படவில்லை போலும் என்று மறுபடியும் அமுக்கினார். அப்போதும் மௌனம். மூன்றாம் முறையும் அமுக்கினார்.

மாலையில் மகன் வந்து பார்த்தால், மூன்று டிக்கெட்டுகள்! மூன்று முறை பணம் எடுக்கப்பட்டிருந்தது.

முதல் முறை அமுக்கியதுமே 'பணம் செலுத்தப்படுகிறது, காத்திருக்கவும்' என்ற வரி திரையின் மேற்பகுதியில் தோன்றியிருக்கிறது. பிறகு 'டிக்கெட் உறுதியானது' என்றும் வந்திருக்கிறது. கண் உள்ளவர்களுக்கு அது பளிச்சென்று தெரியும். மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டில் எல்லாரும் சிரித்தார்களாம். "இனிமே எதையும் அமுக்காதீங்கப்பா, எங்கிட்டச் சொல்லுங்க, நான் செய்றேன்" என்று மகன் அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் மாமா என்னிடம் சொன்னது இது: "கண்ணு போனப்பக்கூட நான் அழலை, டீச்சர். அன்னிக்கு ராத்திரிதான் தூக்கம் வரலை. தப்புப் பண்ணது நான்னே எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க."

அந்தத் தப்பு அவருடையதா, வாசகர்களே?

பக்கம் ஏன் பேசவில்லை?

பாலிடெக்னிக்கில் கணினி படிக்கும் தங்கை மகளிடம் இதைக் கேட்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள்.

"முன்னெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கினா முழுப் பக்கமும் புதுசா வரும், பெரியம்மா. திரைவாசிப்பானும் முதல்ல இருந்து படிக்கும். இப்போ பக்கம் அப்படியே இருக்கும். நடுவுல ஒரு வரி மட்டும் மாறும். திரைவாசிப்பான் தாத்தாவோட விரல் இருக்கிற இடத்தைத்தான் படிக்கும். வேற மூலையில மாறினதை அது தானாச் சொல்லாது. 'இந்த இடம் மாறினா வாய்விட்டுச் சொல்லு'ன்னு பக்கத்தைச் செய்றவங்க முன்கூட்டியே குறிச்சு வைக்கணும்."

எனக்கு எங்கள் தோட்டத்து நிறுவைக் கொட்டகை ஞாபகம் வந்தது. தராசின் முள் எங்கே நிற்கிறது என்பது வரிசையில் பின்னால் நிற்கும் என் அம்மாவுக்குத் தெரியாது. கிராணி பெயரையும் எடையையும் உரக்கச் சொன்னால்தான் தெரியும். அவர் சொல்லாமல் புத்தகத்தில் எழுதிக்கொண்டால், அன்றைய உழைப்பின் கணக்கு அம்மாவுக்கு இருட்டுத்தான். இணையப் பக்கத்திலும் அப்படிச் சொல்லும் கிராணி ஒருவர் வேண்டும், அவ்வளவே.

கையை உயர்த்தும் மாணவன்

அப்படிக் குறித்து வைக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் லைவ் ரீஜன் என்று பெயர். மாறும் செய்தியைத் தானே அறிவிக்கும் பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் நம் வகுப்பறையிலேயே பார்க்கலாம்.

நான் பாடம் நடத்தும்போது ஒரு மாணவன் கையை உயர்த்துகிறான். நான் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியம் முடியும்வரை காத்திருந்து, "டீச்சர், சுண்ணாம்புக் கட்டி தீர்ந்துவிட்டது" என்கிறான். இது முதல் வகை, பொலைட் என்பார்கள். 'டிக்கெட் உறுதியானது', '3 இருக்கைகள் மீதம் உள்ளன' போன்ற செய்திகளுக்கு இதுவே ஏற்றது. திரைவாசிப்பான் படித்துக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு இதைச் சொல்லும்.

இன்னொரு மாணவன் திடீரென்று, "டீச்சர், பாம்பு!" என்று கத்துகிறான். என் பேச்சு பாதியில் நிற்கிறது. நிற்கத்தான் வேண்டும்! இது இரண்டாம் வகை, அசர்ட்டிவ் என்பார்கள். 'பணம் செலுத்த முடியவில்லை', 'உங்கள் நேரம் முடியப் போகிறது' போன்ற அவசரச் செய்திகளுக்கு மட்டுமே இது உரியது. சின்ன விஷயத்துக்கெல்லாம் பாம்பு பாம்பு என்று கத்தினால், கேட்பவர் எரிச்சலடைந்து பக்கத்தையே மூடிவிடுவார்.

தங்கை மகள் மேலும் சில விதிகளைச் சொன்னாள். அறிவிக்கும் பகுதியைத் தொடக்கத்திலேயே வெற்றிடமாக வைத்துவிட்டு, பிறகு அதற்குள் செய்தியைப் போட வேண்டும். பகுதியும் செய்தியும் ஒரே நேரத்தில் வந்தால் பல வேளைகளில் திரைவாசிப்பான் தவறவிட்டுவிடும். செய்தி முழுமையாக இருக்க வேண்டும். வெறுமனே 'மூன்று' என்றால் எது மூன்று என்று யாருக்குத் தெரியும்? நொடிக்கு நொடி குறையும் கடிகாரத்தை ஒவ்வொரு நொடியும் படிக்க வைக்கக் கூடாது. தவறைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல், எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று எழுத்திலும் சொல்ல வேண்டும். ஒரு முறை அமுக்கிய 'பணம் செலுத்து' பொத்தான், வேலை முடியும்வரை மறுபடி இயங்கக் கூடாது.

தமிழர்களாகிய நமக்கு இன்னொன்றும் உண்டு. இது தமிழ்ச் செய்தி என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால், சில கருவிகளில் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கத் திணறும். சில வேளைகளில் வாயையே திறக்காது. தமிழ் எழுத்தைப் படமாக எடுத்து ஒட்டினாலோ, விளக்கம் எழுதி வைக்காதவரை பெரும்பாலும் அதை 'படம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

இது தயவு அல்ல

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பா என்றால், இல்லை. இணையத்துக்கு விதிமுறை வகுக்கும் டபிள்யூ3சி என்ற உலகக் கூட்டமைப்பு, 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே ஏரியா என்ற பெயரில் இந்த அறிவிப்பு முறையைத் தரமாக வெளியிட்டுவிட்டது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான அணுகுதன்மை வழிகாட்டியின் 2.1 பதிப்பில், 4.1.3 என்ற எண்ணில், இத்தகைய நிலைச் செய்திகளைத் திரைவாசிப்பான் அறிந்து சொல்லும்படி செய்ய வேண்டும் என்று தனி விதியே இருக்கிறது. பயனர் அந்த இடத்தைத் தேடிப் போகாமலே செய்தி அவரிடம் வந்து சேர வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

மாற்றுத் திறனாளிகளின் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் உறுதிசெய்து ஏற்றன. தகவல் தொடர்பு வசதிகளை எட்டுவதும் அந்த உரிமைகளில் ஒன்று. ஆகவே, பக்கத்தைப் பேச வைப்பது யாருக்கோ காட்டும் இரக்கமல்ல. செய்ய வேண்டிய கடமை.

நாம் என்ன செய்யலாம்?

தோட்டத்தில் இருக்கும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். இனிப்பு நீர் நம் வீடுகளிலும் இருக்கிறது. நாளைக்கு யாருடைய கண் என்பதை யார் அறிவார்? இன்று கணினி படிக்கும் நம் பிள்ளைகள்தான் நாளை இந்தப் பக்கங்களைச் செய்யப் போகிறார்கள். கோயிலுக்கும் பள்ளிக்கும் இணையப் பக்கம் செய்யும் இளைஞர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: செய்து முடித்ததும் திரைவாசிப்பானைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை பயன்படுத்திப் பார்க்கட்டும். எங்கே குரல் நின்றுபோகிறதோ, அங்கேதான் குறை.

பார்வை குறைந்த உறவினர் இருந்தால் அவரை மூலையில் உட்கார வைக்காதீர்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கமும், சிங்கப்பூர் தோ பாயோவில் பார்வையற்றோர் சங்கமும் இருக்கின்றன. இரண்டும் 1951ஆம் ஆண்டு தோன்றியவை. அங்கே விசாரித்துப் பாருங்கள். அவர் தவறாக அமுக்கிவிட்டால் சிரிக்கும் முன், அந்தப் பக்கம் அவரிடம் பேசியதா என்று கேளுங்கள்.

நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள், தங்கை மகள் ஒரு சின்னப் பக்கம் செய்து தாத்தாவின் கையில் கொடுத்தாள். அவர் பொத்தானை அமுக்கினார். "காத்திருக்கவும்" என்றது குரல். சற்றுப் பொறுத்து, "முடிந்தது. ஒரு டிக்கெட் உறுதியானது" என்றது. மாமா விரலை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"இப்படிச் சொல்லியிருந்தா நான் ஏன் மறுபடி அமுக்கப் போறேன்?" என்றார் தம் மகன் பக்கம் திரும்பி. மகன் தலை குனிந்து, "தப்பு உங்க மேல இல்லப்பா" என்றார்.

பஸ் டிக்கெட்டுப் பணம் திரும்பி வரவில்லை. ஆனால் இருக்கைகள் வீணாகவில்லை. திருவிழாவுக்குத் தாத்தாவோடு தங்கையும் மகளும் போய் வந்தார்கள். எல்லாத் தாத்தாக்களுக்கும் கணினி படித்த பேத்தி வாய்ப்பதில்லை. அவர்களுக்காகவும் பக்கங்கள் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா?