மே மாத வெயிலில் மானகிரி கல்யாணம்: என்ன உடுத்தலாம், பையில் என்ன வைக்கலாம்? கண்டாங்கி சேலை காட்டும் வழி

காரைக்குடியை ஒட்டிய மானகிரியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சென்னையில் இருந்து போகணும். மே மாதம். இரண்டு நாள் தங்கல். நடுவில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி என்று ஒரு சுற்று. இப்படி ஒரு பயணம் வந்தால், பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு பெண்கள் பலரும் யோசிப்பது ஒன்றுதான்: எதை எடுத்து வைக்கிறது?

பெரும்பாலும் போட்டோவில் எடுப்பாகத் தெரிவதுதான் முதலில் பைக்குள் போகும். ஜிலுஜிலுவென்று ஒரு ஜார்ஜெட், கனமான ஒரு பட்டு, இறுக்கமாகத் தைத்த ஒரு பிளவுஸ். ஊரில் இறங்கி அரை மணி நேரத்தில் முதுகு நனைந்துவிடும். முந்தானையை இழுத்து விடுவதும், கொசுவத்தைச் சரி செய்வதுமாகவே நாள் கழியும். "எனக்கு சேலை செட் ஆகாது" என்று பலர் முடிவு செய்வது இப்படி ஒரு நாளில்தான். உடம்பு மேல் பழி போடுவதற்கு முன், துணியையும் கட்டும் விதத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவது நியாயம்.

அதற்கு உதாரணம் அந்த ஊர்ப் பக்கத்திலேயே தறியில் நெய்யப்படுகிறது. கண்டாங்கி சேலை.

கண்டாங்கியில் அப்படி என்ன இருக்கு?

காரைக்குடி வட்டாரத்தில் கைத்தறியில் நெய்யப்படும் கெட்டியான பருத்திச் சேலை இது. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அழுத்தமான நிறங்கள். உடல் முழுக்கக் கட்டமோ கோடோ ஓடும். கரை மட்டும் அகலமாக, தூரத்தில் இருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி இருக்கும். 2019 ஆகஸ்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காரைக்குடியின் அமரர் ராஜீவ் காந்தி கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கம்தான் இதற்காக விண்ணப்பித்தது.

இன்று இது ஃபேஷன் சேலை. ஆனால் முதலில் இதைக் கட்டியவர்கள் வீட்டு வேலை, வயல் வேலை பார்த்த பெண்கள். அதனால் அந்தக் காலத்துக் கண்டாங்கி இன்றைய சேலையைவிட அகலம் குறைவு. கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும், கொலுசு தெரியும். கொசுவத்தைப் பின்பக்கம் வைத்துக் கட்டினார்கள். பின்கொசுவம் என்று சொல்வது இதைத்தான். முன்னால் கால் தடுக்க எதுவும் இல்லை. குனியலாம், உட்காரலாம், படி ஏறலாம். செட்டிநாட்டு வீடுகளின் உயரமான நிலைப்படிகளைத் தாண்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும்.

பின்னாளில் சேலை அகலமானது, முன்கொசுவம் வந்தது, உள்பாவாடை வந்தது, கரை தரையைத் தொட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நடக்கும் வசதி கொஞ்சம் போய்விட்டது. பின்கொசுவம் கட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சுற்றிப் பார்க்கப் போகும் நாளில் மட்டும் சேலையைத் தரையில் இருந்து மூன்று, நான்கு விரல் உயர்த்திக் கட்டிப் பாருங்கள். தட்டையான செருப்பு போடும்போது ஹீல்ஸ் அளவுக்குச் சேலையை இறக்கிக் கட்டுவதுதான் பலர் செய்யும் தவறு.

கெட்டித் துணி வெயிலுக்கு ஆகுமா?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். மெல்லிசாக இருந்தால் குளிர்ச்சி, கெட்டியாக இருந்தால் புழுக்கம் என்று நினைக்கிறோம். நூல் எது என்பதைப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது.

பருத்தி நூல் சாதாரணச் சூழலிலேயே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைக் காற்றில் இருந்து உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அது வெறும் 0.4 சதவீதம். அதனால் பாலியஸ்டரில் நெய்த ஜார்ஜெட் எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும், வேர்வை உடம்பிலேயே தங்கிப் பிசுபிசுக்கும். பருத்தி அதை இழுத்துக்கொள்ளும். காற்று பட்டு ஈரம் காயும்போது உடம்பில் இருந்து சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கெட்டிப் பருத்திக்கு இன்னொரு நன்மையும் உண்டு, உடம்போடு ஒட்டாது. துணிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று போய்வர இடம் இருக்கும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கண்டாங்கி எடை கூடுதல். நனைந்தால் இன்னும் கனக்கும், காய நேரம் எடுக்கும். இரவில் துவைத்துப் போட்டுக் காலையில் கட்டலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். மழை மாதத்துப் பயணத்துக்கு மல் காட்டன் மாதிரி மெல்லிய பருத்தியே சரி.

புதுச் சேலையை அப்படியே கட்டலாமா?

வேண்டாம். கஞ்சி போட்ட புதுப் பருத்திச் சேலை விறைப்பாக நிற்கும், இடுப்பில் உப்பிக்கொள்ளும். "இதில் குண்டாகத் தெரிகிறேன்" என்று பலர் ஒதுக்குவது இந்த முதல் நாள் சேலையைத்தான். இரண்டு, மூன்று முறை தண்ணீர் பட்ட பிறகு அதே சேலை மெத்தென்று உடம்புக்குப் படியும். எனவே கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக அலசிக் காயவையுங்கள். வீட்டில் இரண்டு நாள் கட்டிப் பழகுங்கள்.

ஃபால்ஸ் தைப்பது அலசிய பிறகுதான். பருத்தி முதல் தண்ணீரில் கொஞ்சம் சுருங்கும். முன்னாலேயே தைத்துவிட்டால் ஃபால்ஸ் ஒரு அளவு, சேலை ஒரு அளவு ஆகி ஓரம் சுருக்கு விழும். பிறகு எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் சரியாகாது.

நாடாவை இறுக்கினால் என்ன ஆகும்?

சேலை நழுவிவிடுமோ என்ற பயத்தில் பாவாடை நாடாவை மூச்சு முட்ட இறுக்குவது பலரின் பழக்கம். இது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை. 2024 நவம்பரில் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் மருத்துவ இதழில் மகாராஷ்டிரா, பீகார் மருத்துவர்கள் இரண்டு பெண்களின் பாதிப்பைப் பதிவு செய்தார்கள். ஒருவருக்கு 70 வயது, இன்னொருவர் அறுபதுகளின் இறுதியில் இருந்தவர். பல வருடங்களாக இடுப்பில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியதால் உரசல், ஆறாத புண், கடைசியில் தோல் புற்றுநோய்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டாவது பெண் பாவாடையே கட்டாதவர். லுக்டா என்ற சேலையை நேரடியாக இடுப்பில் இறுக்கிக் கட்டியவர். ஆக, பழைய முறையில் கட்டினால் தானாகவே பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. இறுக்கம்தான் பிரச்சினை.

இப்படி ஆவது மிக அரிது, பயப்படத் தேவையில்லை. ஆனால் இடுப்பில் கறுப்புத் தழும்பு, அரிப்பு, தோல் உரிவது என்று இருந்தால் அலட்சியம் வேண்டாம். ஆறாத புண் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெல்லிய கயிறுக்குப் பதில் அகலமான பட்டை வைத்த பருத்திப் பாவாடை, அதுவும் தளர்வாக. கெட்டிப் பருத்திச் சேலை வழுக்காது என்பதால் இதுவே போதும், சேலை நிற்கும்.

சரி, பையில் என்ன வைக்கலாம்?

இரண்டு நாளுக்கு மூன்று செட் தாராளம். முகூர்த்தத்துக்கு ஒரு பட்டு, சுற்றிப் பார்க்க ஒரு பருத்திச் சேலை அல்லது சுடிதார், ரயிலுக்கு ஒரு தளர்வான குர்தா. எழும்பூரில் இருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்தால் காரைக்குடி சேர இரவாகிவிடும். அந்த நேரத்தில் பெட்டியைக் கிளறித் தேடாமல் இருக்க, ஒவ்வொரு செட்டையும் சேலை, பிளவுஸ், பாவாடை, பின் எல்லாம் சேர்த்துத் தனித்தனித் துணிப்பையில் போட்டுவிடுங்கள். வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாண வீட்டு மஞ்சப்பைகளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

பருத்திச் சேலையை நீளவாக்கில் மடித்துச் சுருட்டி வைத்தால் மடிப்பு விழுவது குறையும். பட்டுக்கு இது வேண்டாம். ஜரிகை மடங்கி உடையும். மெல்லிய வேட்டித் துணியில் சுற்றித் தட்டையாக, எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கூடுதலாக ஒரு பிளவுஸ் கட்டாயம். முதலில் வேர்வையில் நனைவது அதுதான், சேலை இல்லை.

காலணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி கோயில்களிலும் பழைய வீடுகளிலும் செருப்பைக் கழற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். பக்கிள் வைத்த சேண்டல் எரிச்சல் தரும். சட்டென்று கழற்றி மாட்டும் செருப்பு போதும். குன்றக்குடி மலைப்படியை நண்பகலுக்குத் தள்ளிப் போடாதீர்கள், வெறுங்காலில் கல் சுடும். ஆத்தங்குடி கல் பதித்த வீட்டுத் தரை அதற்கு நேர்மாறு, கால் வைத்தாலே ஜில்லென்று இருக்கும்.

போட்டோ பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடித் தரையிலேயே ஏகப்பட்ட பூவும் கட்டமும். அங்கே பூப்போட்ட உடை எடுபடாது. ஒற்றை நிறம், அகலமான கரை என்றால் ஆள் தனியாகத் தெரிவார்.

ஆண்களுக்கு?

பருத்திச் சட்டை, வேட்டி. கட்டத் தெரியாதவர்கள் 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' ரகம் எடுத்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2014-ல் சென்னையில் வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிளப்பில் தடுத்தார்கள். அதே ஆண்டு தமிழக அரசு தனிச் சட்டம் போட்டு அந்தத் தடையை நீக்கியது.

அங்கேயே சேலை வாங்கணும்னா?

'செட்டிநாடு காட்டன்' என்று பலகை இருந்தாலே கைத்தறி ஆகிவிடாது. விசைத்தறி நகல்களும் அதே கட்டத்தோடு வருகின்றன. 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுறவு சங்கம் அல்லது கோ-ஆப்டெக்ஸில் வாங்கினால் சந்தேகம் குறைவு. பாலியஸ்டர் கலப்பா என்று தெரிய வேண்டுமானால், ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாமா என்று கடைக்காரரிடமே கேளுங்கள். கஞ்சி போட்ட துணியில் கொஞ்சம் தாமதமாகும் என்றாலும், பருத்தி உறிஞ்சிக்கொள்ளும்.

திரும்பும்போது வேர்வையில் நனைந்த சேலையை பிளாஸ்டிக் கவரில் கட்டி பெட்டிக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள். ஒரு இரவு ஈரத்தோடு கிடந்தாலே வாடை பிடிக்கும், நாள் போனால் பூஞ்சைக் கறையும் வரும். துணிப்பையில் தனியாக எடுத்து வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.